பெரிய வெப்சைட்ல ஹெட்டர், ஃபுட்டர், லேஅவுட் எல்லாத்தையும் ஒரே எடத்துல வச்சு பராமரிக்கிறது எப்படி

ஃபுட்டர்ல இருக்குற ஒரே ஒரு ஃபோன் நம்பரை மாத்தணும், அவ்ளோதான் வேலை. நான் அப்போ பாத்துட்டு இருந்த சைட்ல சுமார் 1,400 பேஜ், எல்லாமே தனித்தனி ஹெச்டிஎம்எல் ஃபைல், ஒவ்வொண்ணுலயும் ஹெட்டரும் ஃபுட்டரும் காப்பி பண்ணி ஒட்டியிருந்துச்சு. எடிட்டர்ல ஃபைண்ட் அண்ட் ரீப்ளேஸ் போட்டேன், ஆயிரத்துச் சொச்சம் ஃபைல்ல மாறுச்சு, சரி முடிஞ்சுதுன்னு அப்லோடும் பண்ணியாச்சு. ரெண்டு மாசம் கழிச்சுதான் தெரியுது, ஆளுங்க இன்னமும் பழைய நம்பருக்கே கூப்பிட்டுட்டு இருக்காங்க. தோண்டிப் பாத்தா சில பேஜ்ல நம்பருக்கு நடுவுல ஸ்பேஸ், சிலதுல ஹைஃபன், இன்னும் சிலதுல நம்பரே ஒரு படத்துக்குள்ள இருக்கு. எந்த தேடல்லயும் சிக்காது.

காப்பி பண்ணி ஒட்டுறதுல நெஜமான ஆபத்து இதுதான். ஒட்டுன அன்னிக்கு எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். அப்புறம் ஒருத்தர் ஒரு பேஜ்ல மெனுவை மறைப்பார், இன்னொருத்தர் இன்னொரு பேஜ்ல ஒரு பேனரை செருகுவார், நாலு வருஷத்துல எது அசல் எது விதிவிலக்குன்னு யாராலயும் சொல்ல முடியாது. அதனால இந்த கைடுல டெம்ப்ளேட் (எல்லா பேஜுக்கும் பொதுவான அச்சு) எப்படி எழுதுறதுங்கறதை விட, விதிவிலக்குகளை எப்படி கட்டுக்குள்ள வைக்கிறதுங்கறதைத்தான் அதிகமா சொல்லப் போறேன். டெம்ப்ளேட் எழுதுறது ஒரு வாரத்துல கத்துக்கலாம், இது அப்படி இல்ல.

முதல்ல எண்ணுங்க

கைல எந்த டூலும் எடுக்கறதுக்கு முன்னாடி உங்க சைட்ல இப்போ எத்தனை விதமான ஹெட்டர், எத்தனை விதமான ஃபுட்டர் இருக்குன்னு கணக்கு எடுங்க. ஒண்ணுதான் இருக்குன்னு எல்லாரும் சொல்லுவாங்க, நம்பாதீங்க.

எப்படி எண்ணுறதுன்னா, சைட்மேப் ஃபைல்ல (சைட்ல இருக்குற பேஜ் முகவரிங்களோட பட்டியல்) இருந்து எல்லா யூஆர்எல்லையும் எடுங்க (ஒரு சைட்மேப் ஃபைல்ல 50,000 யூஆர்எல் வரைக்கும்தான் போடலாம், அதனால பெரிய சைட்டுல ஒரு இன்டெக்ஸ் ஃபைலும் அதுக்கு கீழ நாலஞ்சு சைட்மேப்பும் இருக்கலாம், எல்லாத்தையும் சேத்துக்கங்க). ஒவ்வொரு பேஜையும் கர்ல் இல்லனா டபிள்யூகெட் மாதிரி கமாண்ட் லைன் டூல் வச்சு இறக்குங்க. அப்புறம் ஒரு சின்ன ஸ்கிரிப்ட், ஒவ்வொரு பேஜ்லயும் ஹெட்டர் பகுதியை மட்டும் வெட்டி எடுத்து, ஸ்பேஸ், புது லைன் எல்லாத்தையும் சுருக்கி, ஒரு ஹேஷ் (மேட்டர்ல இருந்து கணக்கு போட்டு எடுக்கற கைரேகை மாதிரி ஒரு குறியீடு) போட்டு, ஒரே ஹேஷ் வர்ற பேஜ் எல்லாத்தையும் ஒரு கூட்டமா சேக்கணும். ஒரு முக்கியமான விஷயம், மெனுல இப்போ இருக்குற பேஜை காட்டுறதுக்கு ஆக்டிவ்னு ஒரு கிளாஸ் போட்டிருப்பாங்க, அதை ஹேஷ் போடறதுக்கு முன்னாடி நீக்கிடுங்க, இல்லனா எல்லா பேஜும் வேற வேறன்னு கணக்கு வரும்.

நான் முதல் தடவை இதை ஓட்டுனப்போ ஒரு ஹெட்டர்னு சொன்ன சைட்ல 23 ஹெட்டர் வந்துச்சு. அதுல பெரிய கூட்டம் மூணுதான், மீதி 20ம் ரெண்டு பேஜ், அஞ்சு பேஜ்னு உதிரி. இந்த உதிரிங்க பட்டியலை ஒரு ஸ்ப்ரெட்ஷீட்ல போட்டு, ஒவ்வொண்ணுக்கும் எதிர்ல "வேணும்னே மாத்துனதா, தவறிப்போய் மாறுனதா"ன்னு ஒரு காலம் (நெடுக்கு வரிசை) வைங்க. தவறிப்போனதுதான் பெரும்பாலும் அதிகமா இருக்கும், அதெல்லாம் அசலோட சேந்துரும். வேணும்னே மாத்துனது எத்தனைன்னு தெரிஞ்சாத்தான் உங்க லேஅவுட்டுக்கு எத்தனை ஆப்ஷன் தேவைன்னு தெரியும். இந்த ஷீட்டை தூக்கிப் போட்டுறாதீங்க, கடைசி வரைக்கும் வேணும்.

எந்த வழியில பகிர்றது

ஹெச்டிஎம்எல்ல ஒரு ஃபைலுக்குள்ள இன்னொரு ஃபைலை இழுத்துக்கற வசதி பிறவியிலேயே இல்ல. ஐஃப்ரேம் இருக்கு, ஆனா அது பேஜுக்குள்ள இன்னொரு பேஜை அடைக்கிறது, ஹெட்டருக்கு ஒத்து வராது. ஒரு காலத்துல ஃப்ரேம்செட் வச்சு மெனுவை ஒரு பக்கம் நிறுத்தி வச்சாங்க, புக்மார்க் பண்ணவும் முடியாது, சர்ச் எஞ்சின்ல இருந்து வந்தா மெனு இல்லாம வெறும் பேஜ் மட்டும் தெரியும், 2014ல ஹெச்டிஎம்எல்5 வந்தப்போ அதை காலாவதின்னு ஒதுக்கிட்டாங்க. ஹெச்டிஎம்எல் இம்போர்ட்ஸ்னு ஒண்ணு வந்துச்சு, அதையும் குரோம் 2020ல 80ஆவது வெர்ஷன்ல எடுத்துட்டாங்க. அதனால ஒட்டுற வேலையை பிரௌசருக்கு முன்னாடியே யாராவது முடிச்சுத் தரணும், ஒண்ணு சர்வர், இல்லனா பில்ட் பண்ற டூல் (அப்லோடுக்கு முன்னாடியே முழு ஹெச்டிஎம்எல் ஃபைலா செஞ்சு தர்றது).

ஜாவாஸ்கிரிப்ட் வச்சு ஹெட்டரை பிரௌசர்ல வந்து ஒட்டலாமேன்னு நெறைய பேர் கேப்பாங்க. பண்ணாதீங்க. பேஜ் வந்ததுக்கு அப்புறம் ஹெட்டர் வரும், கீழ இருக்குற மேட்டர் எல்லாம் குதிக்கும், ஸ்கிரிப்ட் ஏதோ ஒரு எடத்துல உடைஞ்சா சைட் முழுக்க மெனுவே இருக்காது. ஹெட்டரும் மெனுவும் ஃபுட்டரும் ஹெச்டிஎம்எல்லோட சேந்தே வரணும், இதுல நான் விட்டுக் கொடுக்கறதே இல்ல.

உங்ககிட்ட இருக்கறது வெறும் ஹெச்டிஎம்எல் ஃபைலா, சர்வர் அப்பாச்சியா இல்ல என்ஜின்எக்ஸா, அப்போ சர்வர் சைட் இன்க்ளூட் போதும். ரொம்ப பழைய விஷயம்தான், ரெண்டு சர்வர்லயும் இன்னமும் இருக்கு, ஒரு வரி கமெண்ட் மாதிரி எழுதுனா சர்வர் அந்த எடத்துல ஃபைலை கொண்டு வந்து வச்சிரும். பிஹெச்பி (சர்வர்ல ஓடற ப்ரோக்ராமிங் மொழி) ஓடுதுன்னா இன்க்ளூட் இல்லனா ரிக்கொயர். ரெண்டுக்கும் வித்தியாசம் தெரிஞ்சு வச்சுக்கங்க: ஃபைல் இல்லனா இன்க்ளூட் ஒரு வார்னிங் குடுத்துட்டு மேல போயிரும், ரிக்கொயர் அந்த எடத்துலயே நின்னுரும். ஹெட்டர் இல்லாத பேஜை யாருக்கும் காட்டக் கூடாதுன்னா ரிக்கொயர்தான்.

ட்ரீம்வீவர் (அடோபியோட வெப்சைட் எடிட்டர்) டெம்ப்ளேட்ல இருக்குற சைட் இன்னமும் நெறைய இருக்கு. அதுல ஒரு விஷயம் பலருக்கு தெரியாது, டெம்ப்ளேட்டை மாத்துனா அது உங்க மெஷின்ல இருக்குற எல்லா பேஜ்லயும் மாத்தத்தை எழுதிட்டுப் போகும், அப்புறம் அத்தனை பேஜையும் நீங்கதான் திரும்ப அப்லோட் பண்ணணும். பாதி அப்லோட்ல நெட் கட் ஆனா பாதி சைட் பழசு பாதி சைட் புதுசு.

இன்க்ளூடா, இன்ஹெரிட்டன்ஸா

இதுதான் இருக்கறதுலயே பெரிய முடிவு, நெறைய பேர் யோசிக்காமயே ஒண்ணுல போய் விழுந்துருவாங்க.

இன்க்ளூட் முறையில பேஜ்தான் முதலாளி. பேஜ் மேல ஹெட்டரை கூப்பிடும், கீழ ஃபுட்டரை கூப்பிடும். இதுல என்ன சிக்கல்னா ஹெட்டர் ஃபைல்ல ஒரு டிவ் (பெட்டி மாதிரி ஒரு ஹெச்டிஎம்எல் டேக்) தொறந்து, அது ஃபுட்டர் ஃபைல்ல போய் மூடும். தனியா பாத்தா ரெண்டு ஃபைலுமே பாதிதான். யாராவது ஹெட்டர்ல ஒரு ரேப்பர் டிவ் சேத்துட்டு ஃபுட்டர்ல மூட மறந்தா சைட் முழுக்க சாஞ்சிரும். அதுக்கு மேல ஒரு சைடுபார் வேணும்னு வந்தா தொறக்கறது மூடறது எல்லாம் நாலு ஃபைல்ல சிதறிப் போகும்.

இன்ஹெரிட்டன்ஸ் முறையில லேஅவுட்தான் முதலாளி. முழு எலும்புக்கூடும் ஒரே ஃபைல்ல இருக்கும், டாக்டைப்ல இருந்து கடைசி மூடுற டேக் வரைக்கும். நடுவுல அங்கங்க காலி எடம் விட்டிருக்கும், பேஜ் வந்து அந்த எடத்தை மட்டும் நிரப்பும். டிஜாங்கோ, ஜின்ஜா, லாரவெல் பிளேட், ஏஎஸ்பி டாட் நெட்ல 2005லயே வந்த மாஸ்டர் பேஜ், ஜெக்கில், ஹியூகோ, இலெவன்டின்னு சைட் கட்டுற டூல் எல்லாமே பேர் வேற வேறயா சொன்னாலும் யோசனை இதுதான். முடிஞ்ச வரைக்கும் இந்த முறைக்கு வந்துருங்க.

வெறும் பிஹெச்பில ஃப்ரேம்வொர்க் இல்லாமயும் இதை செய்யலாம். பேஜ் ஆரம்பத்துல அவுட்புட் பஃபரிங்கை ஆன் பண்ணுங்க, பேஜ் மேட்டர் எல்லாம் பஃபர்ல சேரும், கடைசில அதை ஒரு வேரியபிள்ல எடுத்துட்டு லேஅவுட் ஃபைலை ரிக்கொயர் பண்ணுங்க, லேஅவுட் தனக்கு வேண்டிய எடத்துல அந்த வேரியபிளை எழுதிக்கும். பத்து வரி கோடுதான், ஒரு பழைய சைட்டையே இதை வச்சு நான் ஒழுங்கு பண்ணியிருக்கேன்.

வேர்ட்பிரஸ் பக்கம் இருக்கறவங்களுக்கு ரெண்டு வார்த்தை. கிளாசிக் தீம்ல ஹெட்டர் ஃபுட்டர் முறைதான், அதோட பேரண்ட் தீம் ஃபைல்ல நேரா கை வைக்காதீங்க, அடுத்த அப்டேட்ல எல்லாம் அழிஞ்சிரும், சைல்ட் தீம் (பேரண்ட்டை அப்படியே வாங்கிட்டு மாத்தத்தை மட்டும் தனியா வச்சுக்கற தீம்) போட்டு அதுல மாத்துங்க. 2022 ஜனவரில 5.9 வந்ததுல இருந்து பிளாக் தீம் இருக்கு, அதுல ஹெட்டர் ஒரு டெம்ப்ளேட் பார்ட். இங்க ஒரு பொறி இருக்கு: யாராவது சைட் எடிட்டர்ல போய் அந்த ஹெட்டரை மாத்தி சேவ் பண்ணா, அது டேட்டாபேஸ்ல போய் உக்காந்துரும், அதுக்கப்புறம் நீங்க தீம் ஃபைல்ல என்ன மாத்துனாலும் வெளிய தெரியாது. ஃபைலை மாத்துறோம் ஒண்ணும் ஆகலையேன்னு மணிக்கணக்கா மண்டையை உடைச்சுக்குவீங்க. ஃபைல்தான் அசலா, டேட்டாபேஸ்தான் அசலான்னு டீம்ல முதல் நாளே பேசி முடிவு பண்ணுங்க.

லேஅவுட் எத்தனை, எவ்ளோ ஆழம்

மூணு அடுக்கு போதும். அடியில எலும்புக்கூடு ஒண்ணு, அதுல ஹெட், ஹெட்டர், மெயின், ஃபுட்டர் மட்டும். அதுக்கு மேல பேஜ் வகைக்கு ஒண்ணு: கட்டுரை, பட்டியல், ஃபார்ம், முகப்பு இப்படி. அதுக்கு மேல பேஜ். நாலாவது அஞ்சாவது அடுக்கு போனா, ஸ்க்ரீன்ல தெரியற ஒரு வரி எந்த ஃபைல்ல இருந்து வருதுன்னு கண்டுபிடிக்கவே தனியா ஒரு ஆள் வேணும்.

பேஜ் வகையை எதை வச்சு பிரிக்கறதுன்னு கேட்டா, பேஜ் எதைப் பத்தினதுங்கறதை வச்சு பிரிக்காதீங்க, அதோட வடிவத்தை வச்சு பிரிங்க. செய்தியும் உதவிப் பக்கமும் ரெண்டும் தலைப்பு, தேதி, நீளமான மேட்டர்னா ரெண்டும் ஒரே லேஅவுட்தான். டிபார்ட்மெண்டுக்கு ஒரு லேஅவுட்னு குடுத்துட்டா அப்புறம் அதைத் திரும்ப வாங்கவே முடியாது, அவங்க அதுல தனியா வீடு கட்டிருவாங்க.

முகப்பை மட்டும் தனியா விட்டுடுங்க. முகப்புக்கும் மத்த பேஜுக்கும் ஒரே லேஅவுட் போடணும்னு பிடிவாதம் பிடிச்சா அந்த ஒரு பேஜுக்காக லேஅவுட் முழுக்க கண்டிஷன் நிறைஞ்சிரும்.

பேஜ் சொல்லட்டும், லேஅவுட் கேக்கட்டும்

இந்த கைடுல ஒரே ஒரு விஷயத்தைத்தான் எடுத்துக்குவேன்னா இதை எடுத்துக்கங்க. லேஅவுட் ஃபைலுக்குள்ள எந்த பேஜோட பேரும் வரக் கூடாது.

எப்படி ஆரம்பிக்கும்னு சொல்றேன். செக்அவுட் பேஜ்ல மெனு வேண்டாம்னு ஒருத்தர் கேப்பார், ஹெட்டர்ல போய் "யூஆர்எல் செக்அவுட்னா மெனுவைக் காட்டாத"ன்னு ஒரு இஃப் போடுவோம். ரெண்டு நிமிஷ வேலை. அடுத்த மாசம் லாகின் பேஜுக்கும் வேணும்னு வரும், அந்த இஃப்ல ஒரு ஆர் (அதாவது 'அல்லது') சேரும். ஒரு வருஷத்துல அந்த ஹெட்டர் ஃபைல்ல 15 யூஆர்எல் இருக்கும், அதுல நாலு யூஆர்எல் சைட்லயே இல்லாம போயிருக்கும், ஆனா எடுக்க பயமா இருக்கும்ங்கறதால யாரும் எடுக்க மாட்டாங்க. அப்புறம் ஒரு நாள் செக்அவுட்டோட யூஆர்எல்லை மாத்துவாங்க, மெனு திடீர்னு திரும்ப வந்து நிக்கும், காரணம் யாருக்கும் புரியாது.

திருப்பிப் போடுங்க. மெனு வேண்டாம்ங்கற தகவல் அந்த பேஜ்கிட்டதான் இருக்கணும். பேஜ் மேல ஃப்ரண்ட் மேட்டர்ல (ஃபைல் ஆரம்பத்துல செட்டிங் எழுதற பகுதி) இல்லனா ஒரு வேரியபிள்ல "மெனு: இல்லை"ன்னு எழுதும், லேஅவுட் அதை மட்டும் கேக்கும், கேக்கறது யாருன்னு அதுக்கு தெரியத் தேவையே இல்ல. யூஆர்எல் மாறுனாலும் பேஜை நகத்துனாலும் தகவல் கூடவே போகும், பேஜை டிலீட் பண்ணா விதிவிலக்கும் கூடவே போயிரும். பழைய இஃப் எல்லாம் தானா சுத்தமாகற ஒரே வழி இதுதான்.

ஒரு செக்ஷன்ல இருக்குற 200 பேஜுக்கும் அதே செட்டிங் வேணும்னா 200 ஃபைல்ல எழுத வேண்டாம். ஜெக்கில்ல கான்ஃபிக் ஃபைல்ல ஃபோல்டர் வாரியா டிஃபால்ட் குடுக்கலாம், இலெவன்டில ஃபோல்டருக்குள்ள ஒரு டேட்டா ஃபைல் வைக்கலாம், ஹியூகோல கேஸ்கேட்னு இருக்கு. சைட்டுக்கு ஒரு டிஃபால்ட், ஃபோல்டருக்கு ஒண்ணு, பேஜுக்கு ஒண்ணு, கிட்ட இருக்கறது ஜெயிக்கும்.

விதிவிலக்கு ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துலயே ஒரு கமெண்ட்ல ஏன், எப்போ, எப்போ வரைக்கும்னு எழுதுங்க. ஏதோ ஒரு பிரச்சாரத்துக்காக ஒரு பேனர் போடறீங்கன்னா அது எந்த தேதி எடுக்கணும்ங்கறது அங்கயே இருக்கணும், அந்த தேதி தாண்டுனா பில்ட் சத்தம் போடற மாதிரி ஒரு சின்ன செக் வச்சுட்டா இன்னும் நல்லது. ஒரே மாதிரி விதிவிலக்கு மூணாவது தடவை வந்தா, அது இனிமே விதிவிலக்கு இல்ல, அதுக்கு ஒரு நல்ல பேர் வச்சு முறையான ஆப்ஷனா ஆக்கிடுங்க. முதல் தடவையே ஆக்காதீங்க, ஒரே ஒரு பேஜுக்காக உண்டாக்குன ஆப்ஷன் எல்லாம் கடைசில அந்த ஒரு பேஜுக்கு மட்டும்தான் உதவும்.

கால் தடுக்குற எடங்க

லிங்க். ஹெட்டர்ல இருக்குற லிங்க், படம், சிஎஸ்எஸ் (பேஜோட தோற்றத்தை சொல்ற ஃபைல்) எல்லாம் ஸ்லாஷ்ல ஆரம்பிக்கணும். பேஜுக்கு ஏத்த மாதிரி ரிலேட்டிவா எழுதுனா முகப்புல ஒழுங்கா ஓடும், ரெண்டு ஃபோல்டர் உள்ள போனா லோகோ காணாம போயிரும்.

பிஓஎம். சில எடிட்டர்ல யூடிஎஃப்-8ல (தமிழ் உட்பட எல்லா மொழி எழுத்தையும் சேவ் பண்ற முறை) சேவ் பண்ணும்போது ஃபைல் ஆரம்பத்துல கண்ணுக்கு தெரியாத 3 பைட் ஒட்டிக்கும், அதுதான் பிஓஎம். பழைய விண்டோஸ் நோட்பேட் இதை எப்பவும் செய்யும், 2019ல வந்த விண்டோஸ் 10 அப்டேட்ல இருந்துதான் பிஓஎம் இல்லாத யூடிஎஃப்-8 டிஃபால்ட் ஆச்சு. தமிழ்ல எழுதறவங்க யூடிஎஃப்-8 இல்லாம இருக்க முடியாதுங்கறதால நமக்கு இது அடிக்கடி வரும். இன்க்ளூட் பண்ற ஃபைல்ல இது இருந்தா பேஜுக்கு மேல காரணமே இல்லாம ஒரு வெள்ளை இடைவெளி வரும், பிஹெச்பில ஹெட்டர்ஸ் ஆல்ரெடி சென்ட்னு எரர் வரும். கோடிங்கை எவ்ளோ நேரம் முறைச்சாலும் தெரியாது, எடிட்டர்ல கீழ என்கோடிங் என்னன்னு பாருங்க.

கெனானிக்கல். இது நெஜமாவே பயப்பட வேண்டிய விஷயம். முகப்போட கெனானிக்கல் லிங்க்கை (இந்த மேட்டருக்கு அசல் முகவரி இதுதான்னு சர்ச் எஞ்சினுக்கு சொல்ற டேக்) யாராவது எலும்புக்கூடு ஃபைல்ல அப்படியே எழுதி வச்சுட்டா, சைட்ல இருக்குற அத்தனை பேஜும் "நான் அசல் இல்ல, முகப்புதான் அசல்"னு சர்ச் எஞ்சின்கிட்ட சொல்லும். பேஜ் பாக்க நல்லாத்தான் இருக்கும், உள்ளுக்குள்ள பேஜ் எல்லாம் சர்ச்ல இருந்து உதிர்ந்துட்டு இருக்கும். டைட்டில், டிஸ்கிரிப்ஷன், கெனானிக்கல் மூணுமே பேஜ்ல இருந்துதான் வரணும், டைட்டில் வரலைன்னா பில்ட் நிக்கணும்.

ஐடி. சர்ச் பாக்ஸை ஒரு பார்ஷியலா (பல எடத்துல செருகற சின்ன டெம்ப்ளேட் துண்டா) எழுதி டெஸ்க்டாப் மெனுல ஒரு தடவை மொபைல் மெனுல ஒரு தடவை போட்டா ஒரே ஐடி (பேஜ்ல ஒரு பொருளை மட்டும் குறிக்கற பேர்) ரெண்டு எடத்துல வந்துரும், லேபிளைத் தட்டுனா தப்பான பாக்ஸ்க்கு கர்சர் போகும். பார்ஷியல்ல ஐடியை வெளிய இருந்து வாங்கிக்கங்க.

ஆக்டிவ் மெனு. இப்போ எந்த பேஜ்ல இருக்கோம்னு காட்ட வெறும் கலர் மட்டும் மாத்தாம ஏரியா-கரண்ட் ஆட்ரிப்யூட்டையும் போடுங்க, ஸ்க்ரீன் ரீடர் வச்சு கேக்கறவங்களுக்கும் தெரியும். அப்படியே மெயின் பகுதிக்கு நேரா தாவுற ஒரு ஸ்கிப் லிங்க். இதெல்லாம் ஒரு பேஜ்ல செஞ்சா ஒரு பேஜுக்குதான், லேஅவுட்ல ஒரு தடவை செஞ்சா சைட் முழுக்க ஆச்சு. எல்லா பேஜ்லயும் மெனு ஒரே வரிசையில வரணும்ங்கறது டபிள்யூசிஏஜி (எல்லாரும் பயன்படுத்தற மாதிரி சைட் அமைக்கறதுக்கான வழிகாட்டி) விதியிலயே 3.2.3ல இருக்கு, ஷேர்டு லேஅவுட்ல இது இனாமா கெடைக்குது.

500 எரர் பேஜ் (சர்வர்ல ஏதாவது உடைஞ்சா வர்றது). இதை மட்டும் ஷேர்டு லேஅவுட்ல இருந்து எடுக்காதீங்க. டெம்ப்ளேட் எஞ்சினே உடைஞ்சு 500 வர்றப்போ, அந்த எரர் பேஜும் அதே எஞ்சின்ல இருந்து வரணும்னா அதுவும்தானே உடையும். தனியா ஒரு ஸ்டேடிக் ஃபைல், சிஎஸ்எஸ் கூட உள்ளயே. லேஅவுட் மாறுறப்போ இதை மறுபடி ஜெனரேட் பண்ணி வைங்க.

சிஎஸ்எஸ் பக்கம்

லேஅவுட்டை ஒரு ஃபைல்ல கொண்டு வந்துட்டு சிஎஸ்எஸ்ஸை அப்படியே விட்டா பாதி கெணறுதான் தாண்டுன மாதிரி. ஒரு விதி வைங்க: ஒரு காம்போனன்ட் தனக்கு வெளிய இருக்குற இடைவெளியை தானே முடிவு பண்ணக் கூடாது. கார்டு, பேனர், ஃபார்ம் எதுக்கும் வெளி மார்ஜின் கெடையாது, ரெண்டுக்கு நடுவுல எவ்ளோ கேப்ங்கறது லேஅவுட்தான் சொல்லணும், கிரிட்லயும் ஃப்ளெக்ஸ்லயும் (சிஎஸ்எஸ்ல அமைப்பு போடற ரெண்டு முறை) கேப் ப்ராப்பர்ட்டி அதுக்குத்தான் இருக்கு. இதை ஒழுங்கா செஞ்சா ஒரே கார்டை சைடுபார்லயும் போடலாம் மெயின்லயும் போடலாம்.

பேஜ் அமைப்புக்கு கிரிட் ஏரியா பேர் வச்சு எழுதுங்க. 2017ல இருந்தே பெரிய பிரௌசர் எல்லாத்துலயும் கிரிட் இருக்கு, இன்னமும் ஃப்ளோட்ல ஓடற லேஅவுட்டை காப்பாத்த காரணம் இல்ல. ஒரே ஒரு எச்சரிக்கை, கிரிட் காலத்துக்கு (நெடுக்கு வரிசைக்கு) 1எஃப்ஆர்னு, அதாவது மிச்ச எடத்துல ஒரு பங்குன்னு குடுத்தா அதோட குறைந்தபட்ச அகலம் உள்ள இருக்குற மேட்டரைப் பொறுத்துதான், அதனால யாராவது ஒரு அகலமான டேபிளையோ பிரியாத நீள வார்த்தையையோ போட்டா காலம் பிதுங்கி பேஜே பக்கவாட்டுல ஸ்க்ரோல் ஆகும். மின்மேக்ஸ் வச்சு குறைந்தபட்சத்தை 0ன்னு குடுங்க. நம்ம தமிழ்ல வார்த்தைங்க சேந்து சேந்து நீளமா வரும், அதனால ஓவர்ஃப்ளோ-ரேப் ப்ராப்பர்ட்டியும் (நீள வார்த்தையை உடைச்சு அடுத்த வரிக்கு தள்றது) போட்டு வைங்க, இங்கிலீஷ் தலைப்பு வச்சு டெஸ்ட் பண்ணிட்டு நல்லாருக்குன்னு விட்டுடாதீங்க.

பேஜ் வாரியா சிஎஸ்எஸ்ல சண்டை வந்து இம்பார்ட்டன்ட் (மத்த விதியை அமுக்குற குறி) மேல இம்பார்ட்டன்ட் அடுக்கியிருக்காங்கன்னா கேஸ்கேட் லேயர் பாருங்க, 2022ல இருந்து எல்லா முக்கியமான பிரௌசர்லயும் ஓடுது. அடிப்படை, லேஅவுட், காம்போனன்ட், விதிவிலக்குன்னு வரிசை வச்சா எது ஜெயிக்கும்னு ஒரு வரில தெரிஞ்சிரும்.

பழசுல இருந்து புதுசுக்கு நகர்றது

தோத்துப் போன மைக்ரேஷன் எல்லாத்துலயும் நான் பாத்த ஒரே தப்பு, டெம்ப்ளேட்டுக்கு மாறுறதையும் டிசைன் மாத்துறதையும் ஒண்ணா செய்யறது. தயவு செஞ்சு ரெண்டையும் பிரிங்க.

முதல் கட்டத்துல வெளிய ஒரு புள்ளி கூட மாறக் கூடாது. பழைய பேஜ்ல இருந்த ஹெட்டரை வெட்டி லேஅவுட்டுக்கு கொண்டு போங்க, பில்ட் பண்ணுங்க, வந்த ஹெச்டிஎம்எல்லை முன்னாடி இறக்கி வச்ச பழைய ஹெச்டிஎம்எல்லோட டிஃப் போடுங்க (ரெண்டையும் வரி வரியா ஒப்பிட்டு வித்தியாசத்தை காட்டுறது). டிஃப் காலியா வரணும். வரலைன்னா அது ஒண்ணு நீங்க பண்ண தப்பு, இல்லனா ஸ்ப்ரெட்ஷீட்ல விட்டுப்போன ஒரு விதிவிலக்கு. ஸ்ப்ரெட்ஷீட்ல தவறிப்போனதுன்னு குறிச்ச பேஜ்ல மட்டும் வித்தியாசம் வரலாம், அதை ஒவ்வொண்ணா பாத்து சரின்னு டிக் பண்ணுங்க. டிசைன் அழகா இல்லையேன்னு கை துறுதுறுங்கும், பொறுத்துக்கங்க. எல்லா பேஜும் லேஅவுட்டுக்குள்ள வந்ததுக்கு அப்புறம் டிசைனை ஒரு மத்தியானத்துல மாத்திடலாம்.

ஒரே நாள்ல மொத்த சைட்டையும் மாத்தாதீங்க, செக்ஷன் செக்ஷனா போங்க. யாரும் அதிகமா பாக்காத ஒரு செக்ஷன்ல ஆரம்பிச்சு, ஒரு வாரம் விட்டுப் பாத்து, அடுத்தது. ரெண்டு முறையும் கொஞ்ச நாள் பக்கத்துல பக்கத்துல ஓடும், அந்த சமயத்துல மெனுல ஏதாவது மாத்தணும்னா ரெண்டு எடத்துலயும் மாத்தணும், அதை யார் பண்றதுன்னு முன்னாடியே ஒருத்தர் பேரை சொல்லி வைங்க.

இதுல கஷ்டமான பகுதி டேட்டாபேஸ்ல இருக்குற மேட்டர். பல வருஷமா எடிட்டர்ல எழுதுனவங்க உள்ளுக்குள்ள ஸ்டைல், சென்டர் டேக், டேபிள் வச்சு அமைப்பு, மூடாத டிவ் எல்லாம் விட்டிருப்பாங்க. பழைய லேஅவுட் அதையெல்லாம் தற்செயலா தாங்கிட்டு இருந்திருக்கும், புதுசு தாங்காது. ஒரு பேஜ்ல மட்டும் ஃபுட்டர் நடுவுல ஏறி வந்து நிக்குதுன்னா கண்ணை மூடிட்டு சொல்லலாம், மேட்டர்ல ஒரு டிவ் மூடல. டபிள்யூ3சி வேலிடேட்டர்ல போட்டா எந்த வரின்னு காட்டும்.

வெளிய விடறதுக்கு முன்னாடி

லேஅவுட்ல ஒரு வரி மாத்துனா சைட்ல எல்லா பேஜும் மாறுது, அதனால ஒரு பேஜைத் தொறந்து பாத்துட்டு சரின்னு சொல்றது பத்தாது. பில்ட் முன்னாடி, பில்ட் பின்னாடி ரெண்டு ஃபோல்டரையும் டிஃப் போடறதை வழக்கமாவே ஆக்கிடுங்க. ஃபுட்டர்ல ஒரு வார்த்தை மாத்துனீங்கன்னா எல்லா பேஜ்லயும் அந்த ஒரு வரி மட்டும்தான் மாறியிருக்கணும், எங்கயாவது ரெண்டு வரி மாறியிருந்தா அங்க போய் பாருங்க. நேரம், ஹேஷ் மாதிரி ஒவ்வொரு பில்ட்டுக்கும் மாறுற விஷயங்களை டிஃபுக்கு முன்னாடி நீக்கிடுங்க, இல்லனா சத்தம் அதிகமாகி யாரும் பாக்க மாட்டாங்க.

அதுக்கப்புறம் ஸ்க்ரீன்ஷாட் ஒப்பீடு. பிளேரைட் இல்லனா பேக்ஸ்டாப்ஜேஎஸ் டூல் வச்சு பண்ணலாம். எல்லா பேஜையும் எடுக்காதீங்க, 15, 20 பேஜ் போதும், ஆனா வில்லங்கமான பேஜா பாத்து பொறுக்குங்க: இருக்கறதுலயே நீளமான தலைப்பு, ஒண்ணுமே இல்லாத பட்டியல், பெரிய டேபிள், சர்ச்ல ஒண்ணும் கெடைக்காத பேஜ், 404, லாகின் பண்ணதுக்கு அப்புறம் வர்ற ஹெட்டர். மொபைல், டேப்லெட், டெஸ்க்டாப் மூணு அகலத்துலயும். தேதி, விளம்பரம் மாதிரி மாறுற எடத்தை மறைச்சிருங்க, பிளேரைட்ல மாஸ்க்னே ஆப்ஷன் இருக்கு. அப்புறம் மௌஸைத் தொடாம டேப் கீல மெனு முழுக்க ஒரு தடவை போய்ட்டு வாங்க, இதுக்கு மட்டும் மெஷினை நம்பாதீங்க.

அப்லோட் பண்ற வரிசையும் முக்கியம். புது ஹெச்டிஎம்எல் போயிருச்சு, பிரௌசர்லயோ சிடிஎன்லயோ (பேஜை நகல் எடுத்து வச்சு பல எடத்துல இருந்து குடுக்கற சர்வருங்க) பழைய சிஎஸ்எஸ் கேஷ்ல (சேமிச்சு வச்ச நகல்ல) இருக்கு, அப்போ ஆளுங்க பாக்கறது உடைஞ்ச சைட். சிஎஸ்எஸ் ஃபைல் பேர்லயே ஹேஷ் வைங்க, மேட்டர் மாறுனா பேரே மாறிடும். முதல்ல புது சிஎஸ்எஸ்ஸை ஏத்துங்க, அப்புறம் ஹெச்டிஎம்எல், பழைய சிஎஸ்எஸ்ஸை உடனே அழிக்காதீங்க, பழைய ஹெச்டிஎம்எல்லை கேஷ்ல வச்சிருக்கறவங்களுக்கு அது இன்னும் கொஞ்ச நாள் வேணும்.

யார் கை வைக்கலாம்

லேஅவுட் ஃபோல்டரை யார் வேணா மாத்தலாம்னு விட்டா ஒரு வருஷத்துல பழைய நெலமைக்கே போயிரும். கோடு வைக்கிற கிட்ஹப்ல கோட்ஓனர்ஸ் ஃபைல் (எந்த ஃபோல்டருக்கு யார் பொறுப்புன்னு எழுதறது) இருக்கு, லேஅவுட் ஃபோல்டருக்கு ரெண்டு பேர் பேர் போட்டு, அவங்க பாக்காம மெர்ஜ் ஆகாத மாதிரி பிராஞ்சை ப்ரொடெக்ட் பண்ணி வைங்க. ஒரே ஆள் வேண்டாம், அவர் லீவுல போனா எல்லாரும் குறுக்கு வழி தேடுவாங்க. அதே மாதிரி கேட்டா ஒரு நாளுக்குள்ள பதில் வரணும், லேட் ஆனா ஆளுங்க லேஅவுட்டை விட்டுட்டு தங்களோட பேஜ்லயே காப்பி பண்ணி ஒட்டிட்டுப் போயிருவாங்க, அவங்க மேல தப்பும் சொல்ல முடியாது.

எல்லா லேஅவுட்டையும் எல்லா ஆப்ஷனையும் போலி மேட்டரோட காட்டுற ஒரு பேஜ் சைட்டுக்குள்ளயே வைங்க, சர்ச் எஞ்சினுக்கு நோஇன்டெக்ஸ் (இதை சர்ச்ல சேக்காதேன்னு சொல்ற குறி) போட்டுட்டு. புதுசா வர்றவங்க இருபது பக்க டாக்குமெண்ட் படிக்க மாட்டாங்க, இந்த பேஜைப் பாத்து "இது வேணும்"னு பேரைச் சொல்லி எடுத்துக்குவாங்க.

பழைய லேஅவுட்டை அழிக்கிறதுதான் பாக்கி. யாரும் பயன்படுத்தலைன்னு நெனைக்கற லேஅவுட்டோட பேரை கோட்ல தேடுங்க, டேட்டாபேஸ்லயும் தேடுங்க, வேர்ட்பிரஸ்ல பேஜுக்கு எந்த டெம்ப்ளேட்னு டேட்டாபேஸ்லதான் இருக்கும். ரெண்டுலயும் இல்லனா, அந்த லேஅவுட் ஓடுனா லாக்ல ஒரு வரி எழுதற மாதிரி போட்டு ஒரு மாசம் விடுங்க. லாக் காலியா இருந்தா ஃபைலை டிலீட் பண்ணுங்க, பேர் மாத்தி ஓல்டுன்னு வைக்காதீங்க, கமெண்ட் பண்ணி வைக்காதீங்க. கிட்ல (கோடோட ஒவ்வொரு மாத்தத்தையும் சேமிக்கற டூல்) பழசு எல்லாம் பத்திரமா இருக்கு. டிலீட் பண்ணிட்டு, ஆரம்பத்துல எழுதுனீங்களே அந்த ஹேஷ் எண்ணுற ஸ்கிரிப்ட், அதை மாசம் ஒரு தடவை தானா ஓடற மாதிரி வச்சுட்டு, ஹெட்டர் எண்ணிக்கை கூடுனா உங்களுக்கு மெயில் வரணும்னு செட் பண்ணிடுங்க.